கருப்புக் கொடிக்கு முன்னாடி கல்லறைச் சுவரு

ஆகஸ்ட் 10 வந்தா போதும், கருப்பு பேட்ஜ், கருப்புக் கொடி, கலெக்டர் ஆபீஸ் முன்னாடி ஒரு மணி நேரம் கோஷம், ஆயர் (பிஷப்) மைக்கப் புடிச்சு பேசுறது, சாயங்காலத்துக்குள்ள போட்டோ எல்லாம் பங்கு (ஒரு சர்ச்சச் சேந்த வட்டாரம்) வாட்ஸ்அப் குரூப்ல. தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்சி அந்தஸ்து வேணும்ங்கற கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான், அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. யார் கேக்குறாங்க, எப்படிக் கேக்குறாங்கங்கறதுலதான் சண்டையே.

விஷயம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். 1950 ஆகஸ்ட் 10 அன்னைக்கு வந்த ஜனாதிபதி ஆணையோட மூணாவது பாரா, இந்துவா இல்லாதவன் எஸ்சி கிடையாதுன்னுச்சு. 1956ல சீக்கியர்களச் சேத்தாங்க, 1990ல பௌத்தர்களச் சேத்தாங்க. கிறிஸ்தவனும் முஸ்லிமும் இன்னும் வெளியதான். நம்ம தமிழ்நாட்டுல பிசி லிஸ்ட்ல போட்டு வச்சிருக்காங்க, அது ஸ்டேட் வேலைக்கும் காலேஜுக்கும் ஏதோ உதவும். ஆனா ரிசர்வ் தொகுதில நிக்க முடியாது, அதவிட முக்கியம், எவனாவது சாதிப் பேரச் சொல்லி அடிச்சா வன்கொடுமைச் சட்டத்துல கேஸ் நிக்காது. அடிக்கிறவன் ஞானஸ்நான சர்டிபிகேட் பாத்துட்டா அடிக்கிறான்? அதனாலதான் பாதிப் பேரு பேப்பர்ல இந்து, ஞாயித்துக்கிழமை பூசையில கிறிஸ்தவன்னு ரெட்டை வாழ்க்கை வாழுறாங்க, அவங்களக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

இப்ப கோர்ட் கதைக்கு வரேன். மெட்ராஸ்ல ரோட்டோரமா செருப்பு தைக்கிற சூசைன்னு ஒருத்தர். கவர்மெண்ட் செருப்பு தைக்கிறவங்களுக்கு இலவசமா பங்க் கடை குடுத்தப்ப, கிறிஸ்தவரா மாறின ஆதி திராவிடர்ங்கறதால இவருக்கு மட்டும் இல்லன்னுட்டாங்க. அதே தெரு, அதே தொழில். சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். 1985ல தீர்ப்பு வந்துச்சு, தள்ளுபடி. காரணத்த கவனிங்க: மதம் மாறினப்புறமும் சாதி இருக்குன்னு காட்டினா மட்டும் பத்தாது, அந்தப் புது சமூகத்துக்குள்ளயும் அதே அளவுக்கு ஒடுக்குமுறை தொடருதுன்னு ஆதாரம் காட்டணும், அது இங்க இல்லன்னாங்க. இதே எஸ்சி அந்தஸ்து கேட்டு சுப்ரீம் கோர்ட்ல 2004ல போட்ட கேஸ் இன்னும் நடக்குது, அதுல 2022ல ஒன்றிய அரசு குடுத்த அஃபிடவிட்டும் இதே பாட்டுதான், கிறிஸ்தவத்துல அப்படி ஒடுக்குமுறை இருந்ததே இல்லையாம்.

ஆக கேஸு நிக்கிறதே ஆதாரத்துலதான். அந்த ஆதாரம் யார்கிட்ட இருக்கு? நம்மகிட்ட. நம்ம பங்குல, நம்ம கல்லறைல, நம்ம தேர் போற ரூட்டுல!

திருச்சி மேலப்புதூர் கல்லறைக்கு நடுவுல சாதிக்கு ஒரு சுவர் நின்னது ஊரறிஞ்ச விஷயம், பேப்பர்ல எத்தனை தடவ வந்துச்சு. 2008 மார்ச்ல எறையூர் கிராமத்துல தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதுக்கு வேற சாதிக் கத்தோலிக்கர்களே வீடு புகுந்து அடிச்சாங்க, போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ரெண்டு பேர் செத்தாங்க, ரெண்டு பக்கமும் ஒரே கோயில் மணிக்கு எந்திரிக்கிற கத்தோலிக்க ஜனம். ஊர்த்தெரு வரைக்கும் வந்துட்டு காலனிக்குள்ள நுழையாம திரும்புற தேர்பவனிய எத்தனை ஊர்ல பாக்கறோம். தூம்பா (சவப்பெட்டி கொண்டுபோறது) கூட ஊருக்கு ஒண்ணு, காலனிக்கு ஒண்ணு.

இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பர்ல வெளியிட்ட தலித் கொள்கைல திருச்சபைக்குள்ள தீண்டாமை இருக்குன்னு ஒத்துக்கிச்சு. டெல்லில ஒத்துக்கறாங்க, பங்குக்கு வந்தா "இங்க அப்படியெல்லாம் இல்லீங்க, எல்லாரும் ஒண்ணுதான்"ங்கறாங்க. ஃபாதர் மறையுரைல கூடங்குளம் பேசுவார், காவல்ல இருந்தப்பவே இறந்துபோன பாதிரியார் ஸ்டேன் சுவாமி பத்தி பேசுவார், கண்ணு கலங்கும், நானும் கலங்கினவன்தான். கல்லறைக் குழி யாருக்கு எந்தப் பக்கம்னு வந்தா மட்டும் "ஊர்ப் பெரியவங்க பாத்துக்குவாங்க"ன்னு நழுவுவார்.

இத வெளிய பேசினா சங்கிகளுக்கு அல்வா மாதிரி ஆயிடும்னு சிலர் சொல்றீங்க. அவன் ஏற்கெனவே "கிறிஸ்தவத்துல சாதி இல்லன்னுதானே மதம் மாத்தினீங்க, அப்புறம் எதுக்கு எஸ்சி கோட்டா"ன்னுதான் கேட்டுட்டு இருக்கான். நாம மூடி மறைக்க மறைக்க அவன் கேள்விக்குத்தான் பலம். போன தலைமுறை மிஷனரிக பெருமைய காப்பாத்தப்போயி இந்தத் தலைமுறை பிள்ளைங்க உரிமைய விட்டுட்டு நிக்கிறோம், அதான் நிஜம்.

2007லயே ஒன்றிய அரசு போட்ட ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் மதத்தப் பாக்காம எஸ்சி அந்தஸ்து குடுக்கலாம்னு சொல்லியாச்சு. ஆனாலும் 2022ல முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமைல இன்னொரு கமிஷன் போட்டாங்க, ரெண்டு வருசத்துல முடிங்கன்னாங்க, அப்புறம் அதையும் நீட்டிச்சாங்க. நடுவுல 2023 ஏப்ரல்ல நம்ம சட்டசபைலயும் தீர்மானம் போட்டாச்சு.

சரி, நான் கேக்குறது என்னன்னா, ஒவ்வொரு மறைமாவட்டமும் (ஒரு ஆயருக்குக் கீழ வர்ற பங்குகள் எல்லாம் சேந்தது) பங்கு பங்கா ஒரு லிஸ்ட் எடுக்கட்டும். எந்தக் கல்லறைல சுவர் இருக்கு, எங்க தேர் காலனிக்கு வரல, எந்தப் பங்குப் பேரவைல ஒரு தலித் கூட இல்ல, நம்ம ஸ்கூல் காலேஜ்ல வேலைக்கு எடுத்தவங்கள்ல எத்தனை பேர் தலித் கிறிஸ்தவர். பிஷப் ஹவுஸ் லெட்டர்பேட்ல, சீல் போட்டு, ஆயர் கையெழுத்தோட கோர்ட்டுக்குப் போகட்டும். அவமானமா இருக்கும், இருக்கட்டும். சுவர இடிக்கறதுக்கு மட்டும் எந்தக் கோர்ட்டுக்கும் காத்திருக்க வேணாம், சாவி பங்குச் சாமியார்கிட்டதான் இருக்கு.

எங்க பங்குப் பேரவை அடுத்த கூட்டத்துல இத எழுத்துல குடுக்கறதா இருக்கேன். ஆட்சேபம் இருக்கறவங்க இன்பாக்ஸ்ல வந்து "தம்பி இதெல்லாம் வேணாமே"ன்னு சொல்லாம இங்க கமெண்ட்லயே பேரோட சொல்லுங்க, பேசுவோம்.