சாமி மலையேறிய பிறகு யாரைக் கேட்பது?

ராயபுரத்தில் எங்கள் தெருக் கோயிலில் ஆடிக் கூழ் வார்க்கும் அன்று சித்திக்கு அருள் வரும். பம்பையும் உடுக்கையும் உச்சத்துக்குப் போனதும் கொண்டை அவிழும், கையில் வேப்பிலை நடுங்கும். அந்த வருஷம் ஆத்தா பேசியது கடலுக்குப் போய்த் திரும்பாத சித்தியின் மகனைப் பற்றி. "அவன் என் மடியிலதான் கீறான்." தெருவே அழுதது.

ஆய்வுக்கு வந்திருந்த ஒருவர் அதை முழுசாகப் போனில் எடுத்தார். சில மாதம் கழித்து, நான் சமயவியல் படிக்கும் வகுப்பில் அதே சித்தி திரையில் ஆடினார். என் பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, "சம்மதம் வாங்கியாச்சு" என்றார்கள். வாங்கியதென்னவோ உண்மை. காலையில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தவரிடம், ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் ஒரு கையெழுத்து.

1967-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயவியல் துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட், சாமி உண்டா இல்லையா என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு ஆராயலாம் என்றார். நல்ல முறைதான், நானும் அப்படித்தான் படிக்கிறேன். ஆனால் பேசியது யார் என்பதையுமா ஒதுக்கிவைப்பது? ஆத்தா பேசினாள் என்றால் ஆத்தாவை யாரும் கேட்கவில்லை. சித்திதான் பேசினார் என்றால், பேசியதே அவருக்கு நினைவில்லை. இரண்டில் எதை எடுத்தாலும் அந்தக் கையெழுத்து செல்லாது.

படிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் தெருவைப் பற்றி நாலு பேர் எழுத வேண்டும் என்பதுதான் என் ஆசையும். மதம் மாற்ற வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கூட 1713-இல் தரங்கம்பாடியில் நம் தெய்வங்களைப் பற்றி எழுதியபோது, தமிழர்களுக்குக் கடிதம் போட்டு, அவர்கள் பதிலையும் சேர்த்துக்கொண்டார். அந்த நூல் அச்சேறியது 1867-இல், இதே சென்னையில். நம் கையில் இருப்பது போன். அன்று சாயங்காலமே ஊர் முழுக்கப் போய்விடும். அதனால் சாமி மலையேறி, முகம் கழுவி, சித்தி நிதானத்துக்கு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் போட்டுக் காட்டணும். தமிழில் கேட்கணும். வேண்டாம் என்றால் அங்கேயே அழிக்கணும். ஆய்வு கெட்டுப்போகும் என்றால் கெட்டுப்போகட்டும்.

வகுப்பில் பார்த்ததைச் சித்தியிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அது நான் பேசல நைனா, ஆத்தா பேசுனா. எம்புள்ளைய எதுக்கு அவங்களுக்குக் காட்டுன?" என்றார். நான் காட்டவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்த ஆடியில் பம்பைச் சத்தம் கேட்டதும் சித்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.