எழுதப் பிடிக்காதாம், எழுத்தாளர் ஆகணுமாம்

இன்றைக்கும் ஒருவர் கேட்டுவிட்டார். "நானும் எழுத்தாளர் ஆகலாம்னு இருக்கேன், எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்பலாம்?" சரி, என்ன எழுதியிருக்கிறீர்கள் என்றேன். "இன்னும் உட்காரல. ஆனா மனசுல முழுக்க ஓடிட்டே இருக்கு." தலைப்பு தயாராம். அட்டைப்படம் முடிவாகிவிட்டதாம். முன்னுரை யாரிடம் வாங்குவது என்பதில்தான் குழப்பமாம். முதல் வரி? அது மட்டும் இல்லை!

புகழுக்கு ஆசைப்படுவதில் தப்பே கிடையாது. அச்சில் என் பெயரைப் பார்த்தால் எனக்கும் வாயெல்லாம் பல்தான். ஆனால் தண்ணீரில் இறங்கவே பிடிக்காதவர் நீச்சல் பதக்கத்துக்குக் கழுத்தை நீட்டினால் எரிச்சல் வருமா, வராதா?

இவர்களாவது பரவாயில்லை, ஒன்றும் எழுதுவதில்லை. எழுதித் தள்ளிவிட்டு வருகிறவர்கள்தான் உயிரை எடுக்கிறார்கள். "படிச்சிட்டு நாலு வார்த்தை சொல்லுங்க" என்று ஒரு நாவல் வந்தது. முதல் அத்தியாயத்தில் காலை இழுத்து இழுத்து நடக்கிற பெரியவர், மூன்றாவதில் ஓடிப்போய்ப் பேருந்தில் தொற்றிக்கொள்கிறார். செத்துப்போன மாமா பிற்பாதியில் வந்து காபி கேட்கிறார். பேய்க்கதையும் இல்லை! கூப்பிட்டுச் சொன்னால், "அதெல்லாம் மெய்ப்புப் பார்க்கிறவங்க பாத்துப்பாங்க. மத்தபடி எப்படி, விருதுக்கு அனுப்பலாமா?" என்கிறார். மனுஷன் தான் எழுதியதை ஒரு தடவைகூடத் திரும்பப் படிக்கவில்லை. அவருக்கே இல்லாத பொறுமை எனக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

எழுதப் பிடித்தவருக்கு அந்தத் திரும்பப் படிக்கிற இடம்தானே சுகம்! 'அவள் மிகவும் கோபமாகக் கதவைச் சாத்தினாள்' என்று எழுதிவைத்திருப்போம். முதலில் 'மிகவும்' போகும். அப்புறம் 'கோபமாக' போகும். சாத்தினாளா, அறைந்தாளா என்று மண்டை குடையும். கடைசியில் கதவே வேண்டாம், பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகட்டும் என்று தோன்றும். அதற்கே ஒரு காலைப்பொழுது காலி. ஒருவரும் கைதட்டப் போவதில்லை. ஆனாலும் மறுநாள் எழுந்ததும் அதே வரியிடம்தான் போய் நிற்போம். இந்தக் கிறுக்கு கொஞ்சமாவது இருக்க வேண்டாமா?

கேட்டால் நேரமில்லையாம். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் ஆன்டனி டிரோலப் என்று ஒருவர் இருந்தார். அஞ்சல் துறை ஊழியர். காலை 5.30க்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதிவிட்டு வேலைக்குப் போவார். மொத்தம் 47 நாவல்கள். இந்தப் பக்கம் அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன், 1886இல் இறந்தபோது கிட்டத்தட்ட 1,800 கவிதைகளை விட்டுப்போனார். வாழ்ந்த காலத்தில் அச்சேறியவை பத்துச் சொச்சம்தான். எல்லோரும் அவரைப் போலப் பெட்டிக்குள் வையுங்கள் என்று சொல்லவில்லை. மேடையும் மாலையும் இல்லாமலே இத்தனை எழுத முடிந்திருக்கிறதே, அது எதனால் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள் என்கிறேன்.

இப்போது இன்னொரு கூத்து. கதைச் சுருக்கத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் நாவலே வந்துவிடுகிறதாம். அதில் பெருமை வேறு, "மூணே நாள்ல முடிச்சிட்டேன்." எதை ஐயா முடித்தீர்கள்? அந்த வேலையில் இருந்த ஒரே சந்தோஷத்தைத் தூக்கி இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு எழுதவே பிடிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? விடுங்களேன், யார் உங்களைக் கட்டாயப்படுத்தினார்கள்?

இனி எனக்கு எதையாவது அனுப்புகிறவர்கள், தயவுசெய்து ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு அனுப்புங்கள். படிக்கும்போது உங்களுக்கே கொட்டாவி வந்தால் அனுப்பாதீர்கள். முன்னுரையெல்லாம் நான் தருவதாக இல்லை.