கெட்டிமேளமும் ஒலிம்பிக் கேமராவும்

(கும்பகோணத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. 2024 ஜூன் கடைசி வாரம். உரிமையாளர் சேகர் செல்போனுக்குள் மூழ்கியிருக்கிறார். கல்யாணத்தில் விளக்குப் பிடிப்பது முதல் ஆல்பம் தயாரிப்பது வரை எல்லாம் செய்கிற, ஆனால் விசிட்டிங் கார்டில் பெயர் இல்லாத பழனி எதிரில் நிற்கிறார்.)

பழனி: அண்ணே, ஆவணி முகூர்த்தத்துக்குப் பெண் வீட்டார் பேசினார்கள். ஒரு விஷயம் கேட்கச் சொன்னார்கள்.

சேகர்: இரு பழனி. ஜப்பான் கேனான் நிறுவனத்தின் ஆர்1 கேமரா பற்றிப் புதுத் தகவல் கசிந்திருக்கிறது.

பழனி: போன வாரமும் கசிந்ததே?

சேகர்: அது பொய் என்று இந்த வாரம் கசிந்திருக்கிறது. மே 15ஆம் தேதி நிறுவனமே அறிவித்துவிட்டது, கேமரா வருகிறது என்று. எத்தனை மெகாபிக்சல் என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பழனி: செய்கிறவர்களே சொல்லாததை இவர்கள் எப்படிச் சொல்கிறார்கள்?

சேகர்: நம்பத்தகுந்த வட்டாரம்.

பழனி: என் தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு மாதம் இரண்டு லட்சம் சம்பளம் என்று சொன்னதும் அந்த வட்டாரம்தான்.

சேகர்: ஒருவர் 24 மெகாபிக்சல் என்கிறார். இன்னொருவர் அதைப்போல் இரண்டு மடங்கு என்கிறார். வெறும் 24 என்றால் எப்படி வெளியில் தலைகாட்டுவேன்?

பழனி: நம்மிடம் இருப்பதும் 24தானே? 6000க்கு 4000 பிக்சல். அங்குலத்துக்கு 300 என்று அச்சடித்தால் 20 அங்குல அகலம் வரும். நம் ஆல்பத்தில் ஒரு பக்கம் 18 அங்குலம். மிச்சத்தை நான் வெட்டி எறிகிறேன்.

சேகர்: வேகத்தைப் பார். நொடிக்கு 40 படமாம்!

பழனி: மூன்று முடிச்சுக்கு 15 நொடி வைத்துக்கொள்ளுங்கள். 600 படம். அதில் மூன்றாவது முடிச்சு நாத்தனாருடையது, எதையும் விட முடியாது. இத்தனையையும் உட்கார்ந்து பிரிப்பது யார்?

சேகர்: நீதான்.

பழனி: தெரியும். உங்கள் வாயால் கேட்க நினைத்தேன்.

சேகர்: இதைக் கேள், இது வதந்தி இல்லை. ஆட்டத்தில் பந்தை அடிக்கிற வீரரைக் கேமராவே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யுமாம். குறுக்கே ஆள் வந்தாலும் விடாதாம்.

பழனி: தாலி கட்டும்போது தாய்மாமன் செல்போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நிற்பாரே?

சேகர்: நின்றால் என்ன? மாப்பிள்ளையைத்தான் தொடரும்.

பழனி: மாமாவின் முதுகு வழியாகவா?

(சேகர் செல்போனில் விடை தேடுகிறார். ஜப்பானில் யாரும் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.)

சேகர்: சரி, கண்ணால் ஃபோகஸ் செய்யும் வசதி வரும் என்கிறார்கள். நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே! 1992இல் ஃபிலிம் கேமராவிலேயே வைத்தார்கள். 2021இல் ஆர்3 கேமராவில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பழனி: உங்களுக்கு அது வேண்டாம் அண்ணே. மாலை மாற்றும்போதே உங்கள் கண் பந்திப் பக்கம் போய்விடும். ஆல்பத்தில் வடை மட்டும்தான் தெளிவாக விழும்.

சேகர்: கேலி செய்யாதே. 2012, 2016, 2020 என்று இந்த ரகக் கேமராக்கள் எல்லாம் ஒலிம்பிக் கணக்கில்தான் கடைக்கு வரும். இந்த முறை பாரிஸ், ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 11 வரை.

பழனி: (காலண்டரைப் புரட்டி) முழுக்க ஆடி மாதம். நமக்கு ஒரு கல்யாணம்கூடக் கிடையாது. நொடிக்கு 40 படமாக எதை எடுப்பீர்கள், அம்மன் கோயில் கூழ் ஊற்றுவதையா?

சேகர்: (செல்போனைக் கீழே வைத்து) அது கிடக்கட்டும். பெண் வீட்டார் என்ன கேட்டார்கள்? எந்தக் கேமரா என்றா?

பழனி: ட்ரோன் இருக்கிறதா என்று.

சேகர்: மண்டபத்துக்குள்ளா? மேலே மின்விசிறி சுற்றுமே!

பழனி: நானும் அதைத்தான் சொன்னேன். விசிறியை நிறுத்திவிடுகிறோம் என்கிறார்கள்.