சத்தமில்லாத கம்ப்யூட்டராம்!

ஃபேன் இரைச்சல் வேண்டாம் என்றுதான், பம்ப் வைத்துத் தண்ணீரை ட்யூபில் சுற்றவிட்டுச் சூட்டைத் தணிக்கும் வாட்டர் கூலிங்குக்கு மாறினேன். ஃபேன் அடங்கியது, சரி. இப்போது பம்ப் பாடுகிறது. அதைக் கேபினட் தகரத்தில் நேராகத் திருகிப் பொருத்தினால் மொத்தப் பெட்டியும் சேர்ந்து ரீங்காரமிடுகிறது. அடியில் தடித்த ஸ்பாஞ்ச் வைத்து, வேகத்தையும் குறைத்த பிறகுதான் வாயை மூடியது. உடனே கிராஃபிக்ஸ் கார்டின் கம்பிச்சுருள் (coil) கீச்சிட ஆரம்பித்தது. இத்தனை நாள் ஃபேன் சத்தத்துக்குள் ஒளிந்திருந்திருக்கிறது!

அப்புறம் தண்ணீரில் மாட்டிய அந்தக் காற்றுக் குமிழ்கள். ட்யூபில் ஒட்டிக்கொண்டு நகரவே நகராது. திடீரென்று பம்புக்குள் புகுந்து களகளவென்று ஒரு சத்தம். பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்தே கை வலிக்கிறது. தண்ணீர் தேங்கும் தொட்டி பெரிதாக இருந்தால் உருப்படியான லாபம் இங்கேதான்: குமிழ் மேலே வந்து பிரிய இடம் கிடைக்கும்.

ஆனால் பார்ப்பவர்கள் எல்லோரும், "இவ்வளவு தண்ணீரா, அப்போ ஜில்லென்று இருக்குமே!" என்கிறார்கள். எங்கே இருக்கும்? ரேடியேட்டர் இல்லாமல் 2 லிட்டர் தண்ணீரில் 300 வாட் வெப்பம் இறங்கினால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 டிகிரி ஏறும். சூடேறுவதைத் தொட்டி கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், அவ்வளவே. வெப்பத்தை வெளியேற்றுவது ரேடியேட்டர்தான். இதைச் சொன்னால், "இன்னும் பெரிய தொட்டி வாங்கேன்" என்று யோசனை வேறு!