நான்காம் பக்கத்தில் இல்லாத பெயர்

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில், பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் மொழிபெயர்த்த நூலின் புதிய பதிப்பைக் கையில் எடுத்தேன். நான்காம் பக்கத்தில் மூல ஆசிரியர், அட்டை வடிவமைப்பு, அச்சகம், விலை எல்லாம் இருந்தன. என் பெயர் மட்டும் இல்லை. கடையில் இருந்த தம்பி, "பில் போடட்டுமா சார்?" என்றார். போடச் சொன்னேன். (பத்து விழுக்காடு கழிவும் கிடைத்தது.)

மொழிபெயர்த்தபோது எட்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு, 'சகல உரிமைகளுடன்' என்று தட்டச்சு செய்த தாளில் கையெழுத்திட்டவன் நான்தான் என்பதால், பணத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பெயரைப் பற்றி உண்டு.

படைப்பின் மீதான உரிமை அடிப்படை மனித உரிமையா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். ஐ.நா.வின் 1948-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 27-ஆவது பிரிவு, படைப்பாளியின் அறம்சார்ந்த நலனுக்கும் பொருள்சார்ந்த நலனுக்கும் பாதுகாப்புக் கோருகிறது. ஆனால் அதே பிரிவு, பண்பாட்டு வாழ்வில் தடையின்றிப் பங்குகொள்ளும் உரிமையை எல்லாருக்கும் தந்துவிட்டுத்தான் அதைச் சொல்கிறது. சொத்துரிமை 17-ஆவது பிரிவில் தனியாக இருக்கிறது. இந்தியாவிலோ சொத்துரிமையே 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது.

ஆகவே, விற்கவும் வாங்கவும் கூடிய, படைப்பாளி இறந்து 60 ஆண்டுகள் வரை நீளும் பதிப்புரிமையை மனித உரிமை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது சட்டம் செய்துகொடுத்த ஏற்பாடு. பாரதியின் எழுத்துகளின் உரிமையை 1949-இல் அரசு வாங்கிப் பின்னர் பொதுவில் விட்டதால் எந்த அநீதியும் நேரவில்லை. இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். தன் பெயரில் அச்சிட மட்டும் எவரும் துணியமாட்டார்.

இந்தப் பெயருரிமையைத்தான் மனித உரிமை என்கிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவும், உரிமை முழுவதையும் எழுதிக்கொடுத்த பிறகும் ஆசிரியர் என்று உரிமை கோருவதும், தன் மதிப்பைக் குலைக்கும் சிதைவை எதிர்ப்பதும் படைப்பாளியிடமே தங்கும் என்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து கழற்றிக் கிடங்கில் போடப்பட்ட தம் வெண்கலச் சுவர்ச்சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் வழக்காடினார். சிற்பத்துக்கு உரிமையாளர் அரசுதான் என்றாலும், 2005-இல் உயர் நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது.

பதிப்பாளருக்கு இதையெல்லாம் எழுதினேன். "எல்லா உரிமையும் குடுத்துட்டீங்களே சார், அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்" என்று தொலைபேசியில் சொன்னார். அதுவரை இருக்கும் பிரதிகளில் பெயரை அச்சிட்ட ஒரு சீட்டையாவது ஒட்டலாமே என்று கேட்டிருக்கிறேன்.

பதில் வரவில்லை.