வீட்டோடதானே இருக்கறான்

இதை எழுதி, என் கணவரிடம் படிக்கக் கொடுத்து, "போடு" என்று அவர் சொன்ன பிறகுதான் போடுகிறேன். குடும்ப விஷயத்தை இப்படி வெளியே சொல்லலாமா என்று யாரும் கமெண்டில் வர வேண்டாம்.

மொபைல் கேம் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுகிறோம். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டாலும் அதுதான், டிவியில் டாக்டர் வந்தாலும் அதுதான். எங்கள் வீட்டில் விளையாடுகிறவருக்கு 37 வயது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் வேலை. காலை எட்டரைக்குப் போனால் ஷிப்மெண்ட் நேரத்தில் திரும்பி வர இரவு ஒன்பது ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு ஹெட்போனை மாட்டினால் படுக்க ராத்திரி ஒரு மணி, ஒன்றரை, சில நாள் இரண்டு ஆகிவிடும்.

அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். "ஏங்கண்ணு, குடிக்கறானா, சீட்டாடறானா? வீட்டோடதானே இருக்கறான்" என்றார். அவர் பார்த்த உலகத்துக்கு அது சரி. அவர் காலத்தில் கெட்டுப்போகிற ஆண்கள் வாசலைத் தாண்டிப் போய்த்தான் கெட்டார்கள். சோபாவில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே ஒருவர் வீட்டில் இல்லாமல் இருக்க முடியும் என்பதை அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

என் கணவர் விளையாடுவது 100 பேர் ஒரு தீவில் குதித்து, ஒருவரை ஒருவர் சுட்டு, கடைசியில் மிஞ்சுகிறவர் ஜெயிக்கிற வகை. கூப்பிட்டால் ஏன் வரவே மாட்டேன் என்கிறார் என்று ரொம்ப நாள் எனக்கு ஆத்திரம். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்த பிறகுதான் புரிந்தது, அதைப் பாதியில் நிறுத்தி வைக்கிற வழியே கிடையாது. நாலு பேர் ஒரு அணி, ஒருவர் எழுந்து போனால் மற்ற மூன்று பேர் மாட்டிக்கொள்வார்கள், பெரிய மேப் என்றால் ஓர் ஆட்டம் அரை மணி நேரம் ஓடும். அந்த அரை மணி நேரத்துக்குள் பால் பொங்கினாலும் காலிங் பெல் அடித்தாலும் அது என் பாடு.

திரையின் மேல் மூலையில் இன்னும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு எண் ஓடும். முதல் வகுப்பு படிக்கிற எங்கள் மகள் அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அப்பாவிடம் ஏதாவது காட்ட வேண்டுமென்றால் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்று அந்த எண்ணைப் பார்ப்பாள், சத்தமே போடாமல் சமையலறைக்கு வந்து "இன்னும் 14 பேர் இருக்காங்கம்மா" என்பாள். முதல் தடவை அப்படிச் சொன்ன அன்றைக்குக் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். பிள்ளை அடம் பிடித்து அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. காத்திருக்கப் பழகிவிட்டாளே!

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் கம்பெனியில் நடந்த மெடிக்கல் கேம்ப்பில் பிபி 150/100 என்று வந்தது. டாக்டரிடம் போனோம். சிகரெட் உண்டா என்றார், இல்லை. தண்ணி? இல்லை. உப்பைக் குறைங்க, நடங்க என்றார். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறீங்க என்று அவர் கேட்கவில்லை, நான்தான் சொன்னேன். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும், தொடர்ந்து தூக்கம் குறைந்தால் ரத்த அழுத்தம் ஏறும் என்று அதற்குப் பிறகுதான் விளக்கினார். இவருக்கு நல்ல நாளிலேயே 5 மணி நேரம். ஆட்டம் முடிந்ததும் தூக்கம் வந்துவிடுவதும் இல்லை, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு அரை மணி நேரம் புரண்டுகொண்டிருப்பார். அப்புறம் கட்டைவிரல் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு வலி. வண்டி ஆக்சிலேட்டரைத் திருகும்போது முகம் சுளிப்பார். தசைநாண் உறை வீங்கியிருக்கிறது என்று பட்டை மாட்டிவிட்டார்கள். அந்தப் பட்டையோடும் விளையாடினார்.

நான் படித்துப் பார்த்தவரை, சட்டம் போடுகிறவர்கள் கண்ணுக்கும் பிள்ளைகள்தான் தெரிகிறார்கள். தென் கொரியாவில் 2011ல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைனில் விளையாடக் கூடாது என்று வைத்தார்கள், பத்து வருடம் கழித்து அதையும் எடுத்துவிட்டார்கள். சீனாவில் 2021ல் இருந்து 18 வயதுக்குக் கீழ் என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் ஒரு மணி நேரம். நம் நாட்டில் பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ, தடைக்குப் பிறகு 2023 மே மாதம் திரும்பி வந்தபோது சிறுவர்களுக்கு 3 மணி நேரம், பெரியவர்களுக்கு 6 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். தினமும் 6 மணி நேரம்! வேலைக்குப் போகிற, குழந்தை இருக்கிற மனிதருக்கு அதற்குமேல் என்ன மிச்சம் இருக்கும்?

உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்தது, 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் அடையாளங்கள் இவை: நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டு பெரிதாகிவிடுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, பொதுவாக ஒரு வருடமாவது இப்படி இருப்பது. இதில் வயது எங்கும் இல்லை. அந்தப் பெயரை நான் அவர் மேல் ஒட்டவில்லை, அது டாக்டர் சொல்ல வேண்டியது. ஆனால் பெரியவர்களுக்கும் இது வரும் என்பதை வீடுகளில் வாய்விட்டுப் பேச வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இது போன்ற பழக்கங்களுக்கென்றே 2014ல் இருந்து தனி கிளினிக் இருக்கிறது.

அவர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த அணியில் இருக்கும் மூன்று பேரும் பாலிடெக்னிக்கில் அவரோடு படித்தவர்கள். ஒருவர் மஸ்கட்டில், ஒருவர் ஓசூரில், ஒருவர் கரூரில். பகலெல்லாம் சரக்கு வாங்குகிற பையரிடம் திட்டு வாங்கிவிட்டு வருகிற மனிதர் வாய்விட்டுச் சிரிப்பது அந்த ஹெட்போனுக்குள்தான். அதைப் பிடுங்க எனக்கு மனசு இல்லை.

அதனால் "நிறுத்துங்க" என்று சொல்வதை விட்டுவிட்டேன். நடு ஆட்டத்தில் அது சண்டையில்தான் முடியும். "அடுத்ததை ஆரம்பிக்காதீங்க" என்பது மட்டும்தான் இப்போது. பத்து மணிக்கு மேல் புது ஆட்டம் இல்லை, மகள் தூங்கும் முன்னால் ஆட்டமே இல்லை, இரண்டு பேர் போனும் ஹாலில்தான் சார்ஜ் ஏறும். என் போனும்தான், அதை அவர் கேட்டார், நியாயம் என்று ஒப்புக்கொண்டேன். மஸ்கட் நண்பருக்கு நேரம் ஒத்துவரவில்லை என்று கொஞ்சம் வருத்தம், இப்போது வெள்ளிக்கிழமை மட்டும் அவரோடு விளையாடுகிறார்.

ஏழு வாரம் ஆகிறது. இரண்டு சனிக்கிழமை மீறினார், மறுநாள் காலையில் அவராகவே சொன்னார். பன்னிரண்டாம் தேதி பிபி பார்க்கப் போகிறோம்.