1000 மீட்டர் ஆழத்தில் ஜெர்மன் நீர்மூழ்கியா?

'இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் 1000 மீட்டர் ஆழத்தில் வாரக்கணக்கில் பதுங்கின. அமெரிக்காவுடையவை 90 மீட்டரைத் தாண்டவில்லை' என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

ஜெர்மனி அதிகம் கட்டிய ஏழு-சி வகை, ஆபத்தில் 200 மீட்டரைத் தாண்டி இறங்கியதுண்டு. 300 மீட்டரை நெருங்கும் முன்பே நீர் அழுத்தத்தில் கப்பலின் உடல் நசுங்கிவிடும். வாரக்கணக்கும் இல்லை: நீருக்கடியில் மின்கலத்தில் 4 நாட் (மணிக்கு 4 கடல்மைல்) வேகத்தில் சுமார் 80 கடல்மைல்தான், அதாவது 20 மணி நேரம். அப்புறம் மின்கலத்தை மின்னேற்ற மேலே வந்தே ஆக வேண்டும்.

அந்த 90 மீட்டர், அமெரிக்காவின் கேட்டோ வகைக்கான சோதனை ஆழம், அதாவது பாதுகாப்பாக இறங்க அனுமதித்த ஆழம்; நசுங்கும் ஆழமல்ல. அடுத்து வந்த பலாவ் வகைக்கு அது 122 மீட்டர். ஒன்றின் சோதனை ஆழத்தை இன்னொன்றின் கற்பனை ஆழத்தோடு ஒப்பிட்டால் எப்படி?

அமெரிக்கக் கடற்படை வரலாற்றுத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஏழு-சி வகையின் மேம்பட்ட வடிவமான யூ-995, ஜெர்மனியின் லாபோவில் அருங்காட்சியகமாகவே நிற்கிறது. இந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.